பைக்கு அடியில் தொங்கும் உருளை

நியூ ஜல்பைகுரி ரயில் நிலைய வாசலில், ஜீப் ஓட்டுநர்கள் "டார்ஜிலிங், டார்ஜிலிங்" என்று கூவுகிற இடத்தில், ஒரு டீயை வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் போதும். இறங்கி வருகிறவர்களில் மலைக்குப் பழகியவர் யார், புதியவர் யார் என்று முதுகுப்பையைப் பார்த்தே சொல்லிவிடலாம். புதியவரின் பைக்கு அடியில் ஓர் உருளை தொங்கும். நடக்கும்போது இடமும் வலமும் ஆடும். படியேறினால் பின்தொடையில் இடிக்கும். பெட்டியின் வாசலில் சிக்கிக்கொள்ளும், திரும்பினால் பக்கத்தில் நிற்பவரின் டீயைத் தட்டிவிடும். அதுதான் ஸ்லீப்பிங் பேக், குளிரில் உள்ளே நுழைந்து படுக்கும் தூக்கப் பை. பழகியவரிடமும் ஒன்று இருக்கும். எங்கே வைத்திருக்கிறார் என்பதுதான் வெளியே தெரியாது.

அந்த உருளையின் மேல் எனக்கு நாள்பட்ட கோபம் உண்டு. மலையேற்றம் பற்றி எழுதுகிறவர்கள் சூரியோதயத்துக்கு நாலு பத்தி ஒதுக்குகிறார்கள். சூரியோதயத்தைப் பார்க்கும் நிலையில் காலையில் எழ முடிந்ததா என்பதைத் தீர்மானிக்கிற இந்த ஒன்றரைக் கிலோ சாமானை எப்படித் தூக்கிப் போவது என்று யாரும் விரிவாக எழுதக் காணோம். எனவே நான் எழுதுகிறேன்.

தொங்கவிடுகிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. பை செய்கிறவர்களே அடியில் இரண்டு வார்களைத் தைத்து அனுப்புகிறார்கள். வார் இருந்தால் எதையாவது கட்டத்தான் தோன்றும். என்னைக் கேட்டால் அவை ஃபோம் விரிப்புக்கான வார்கள். ஃபோம் தண்ணீர் குடிக்காது, கிழிந்தாலும் நஷ்டமில்லை, எடையும் கிடையாது. அது வெளியே தொங்கட்டும். ஸ்லீப்பிங் பேக்கை அங்கே கட்டுவதற்கு உண்மையான காரணம் வேறு: உள்ளே இடமில்லை. உள்ளே இடமில்லாததற்குக் காரணம், பொருள்களை வாங்கிய வரிசை.

என் தங்கை மகன் கோவையில் பொறியியல் படிக்கிறான். போன வருடம் ஒரு நாள் கடைக்குள் நின்றுகொண்டு போன் செய்தான். "மாமா, நாற்பது லிட்டர் பை தள்ளுபடியில் இருக்கிறது, எடுத்துவிடட்டுமா?"

"ஸ்லீப்பிங் பேக் என்ன வைத்திருக்கிறாய்?"

"அதை இனிமேல்தான் வாங்க வேண்டும் மாமா."

"அப்படியானால் இதையும் வாங்காதே. வெளியே வா."

அவனுக்குக் கோபம். தள்ளுபடி அன்றோடு முடிகிறதாம். ஆனால் விஷயம் அதுதான். சட்டை துணிமணியை எந்தப் பைக்குள்ளும் அடக்கிவிடலாம்; குறைத்துக்கொள்ளலாம். ஸ்லீப்பிங் பேக்கைப் பாதியாக எடுத்துப் போக முடியாது. பூஜ்யம் டிகிரிக்குத் தாங்கும் செயற்கை இழை பேக், எவ்வளவு இறுக்கினாலும் பதினைந்து லிட்டருக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நாற்பது லிட்டர் பையில் அதுவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல். முதலில் ஸ்லீப்பிங் பேக்கை வாங்க வேண்டும். அதைக் கையோடு கடைக்கு எடுத்துப் போய், அங்கேயே பைக்குள் திணித்துப் பார்த்து, மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் கண்டபிறகு பையை வாங்க வேண்டும். கடைக்காரர்கள் முகம் சுளிப்பதில்லை.

வெளியே தொங்கினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களை நான் சிங்கலிலா மலைமுகட்டுக்கு அழைத்துப்போவேன். மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடமான சந்தக்ஃபூ, 3,636 மீட்டர், அந்த முகட்டில்தான் இருக்கிறது. மானேபஞ்சாங்கில் வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு கிளம்பினால் பாதை நேபாளத்துக்குள்ளும் இந்தியாவுக்குள்ளும் மாறி மாறிப் போகும். இரவு தங்கும் தும்லிங் நேபாளத்தில், அடுத்த நாள் தேநீர் குடிக்கும் கைரிபாஸ் இந்தியாவில். நடுநடுவே எல்லைக் காவல் படையினர் அடையாள அட்டையைக் கேட்பார்கள். வானம் தெளிந்தால் கஞ்சன்ஜங்காவும் எவரெஸ்ட்டும் ஒரே பார்வையில் விழும். தெளிவதுதான் அபூர்வம். வங்கக் கடலிலிருந்து கிளம்பும் ஈரக்காற்று வழியில் பெரிய தடை ஏதும் இல்லாமல் வந்து மோதுகிற மலை அது. ஏப்ரலில்கூட நண்பகலுக்கு மேல் மேகம் ஏறிவிடும். மழை என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு மணி நேரம் நடந்தால் புருவத்தில் தண்ணீர் நிற்கும்.

இந்த ஈரத்தில் எல்லோரும் முதுகுப்பைக்கு மழை உறையைப் போடுகிறார்கள். மழை உறை பையை மூடும், அடியில் தொங்கும் உருளையை மூடாது. அதைவிட மோசம், உறையின் மேல் விழுகிற தண்ணீர் எல்லாம் வழிந்து வந்து சேரும் இடம் அந்த உருளைதான். பையைக் காப்பாற்றிய தண்ணீரை ஸ்லீப்பிங் பேக்குக்குத் திருப்பிவிட்டு நடக்கிறோம். அதைச் சுற்றியிருக்கும் சுருக்குப்பை நைலானில் இருப்பதால் தண்ணீர் இறங்காது என்று ஒரு நம்பிக்கை உண்டு. துணி வழியாக இறங்காமல் இருக்கலாம். தையல் வழியாகவும் சுருக்குக் கயிற்றின் வாய் வழியாகவும் நிதானமாக இறங்கும்.

அந்தப் பாதையிலுள்ள காலிபோக்ரியில் ஒரு மாலை, விடுதியின் சமையலறையில் விறகடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். கொல்கத்தாவிலிருந்து வந்திருந்த ஒரு கல்லூரி மாணவர் தன் பேக்கை உறையிலிருந்து உருவினார். தலைப்பக்கம் உலர்ந்துதான் வந்தது. கால்பக்கம் வெளியே வரும்போது தரையில் சொத்தென்று ஒரு சத்தம். விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். நல்ல நிலையில் உள்ள, வாத்துத் தூவி அடைத்த பேக்கை அப்படிப் பிடித்தால் தையலால் பிரித்த ஒவ்வொரு அறையும் உப்பி, வெளிச்சம் சீராக மங்கித் தெரியும். இதில் அறைகள் காலியாக, வெறும் துணியாக ஒளி ஊடுருவியது. ஒவ்வோர் அறையின் மூலையிலும் கறுப்பாக ஓர் உருண்டை மட்டும் ஒட்டிக்கிடந்தது. ஓர் உருண்டையை விரலால் பிதுக்கினார், தண்ணீர் சொட்டியது. விடுதிக்கார அம்மாள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் இரண்டு ரஜாய்களை, அதாவது கனத்த பஞ்சுப் போர்வைகளை, கொண்டுவந்து அவர் மடியில் போட்டார். பேக் அடுப்புக்கு மேலே கயிற்றில் இரவெல்லாம் கிடந்து புகையைக் குடித்தது. காலையில் தொட்டுப் பார்த்தேன், காயவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு அவர் சந்தக்ஃபூவின் கடைசி ஏற்றத்தை ஏறினார், முந்தைய நாளைவிடக் கூடுதல் எடையோடு.

தூவி என்பது வாத்தின் நெஞ்சில் இறகுகளுக்கு அடியில் வளரும் பூம்பஞ்சு. அதற்குச் சூடு என்று தனியாக எதுவும் கிடையாது. உடம்பின் சூட்டில் வெதுவெதுப்பான காற்றைப் பிடித்து அசையாமல் நிறுத்துவதுதான் அதன் வேலை. 700 என்று குறிக்கப்பட்ட தூவியில் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம், தளரவிட்டால் 700 கன அங்குலம் உப்ப வேண்டும். நம் கணக்கில் பதினொன்றரை லிட்டர். அரைக் கிலோ தூவி என்றால் சுமார் 200 லிட்டர், ஒரு டீசல் பேரல் அளவு காற்று. அந்தப் பேரலைத்தான் நாம் ஏழெட்டு லிட்டர் உருளையாக நசுக்கித் தூக்கிப்போகிறோம். நனைந்த தூவி உப்பாது, உப்பாவிட்டால் காற்று இல்லை, காற்று இல்லாவிட்டால் அது இரண்டு அடுக்கு நைலான் துணி. செயற்கை இழை நனைந்தாலும் ஓரளவு உப்பி நிற்கும் என்பது உண்மை. அதற்கு விலையாக எடையையும் இடத்தையும் கேட்கும். ஈரமான கிழக்கு இமயத்துக்குச் செயற்கை இழை, வறண்ட லடாக்குக்குத் தூவி என்று சிலர் கோடு போடுவார்கள். நான் அதை ஏற்பதில்லை. உள்ளே வைத்து, பாலித்தீனில் சுற்றியும் வைத்தால் தூவி எங்கும் நனைவதில்லை.

எடை விஷயத்துக்கு வருகிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்கலாம். அதையே கையை நீட்டிப் பிடித்தால் இரண்டு நிமிடத்தில் தோள் கெஞ்சும். முதுகுக்கு வெளியே, ஒரு சாண் தள்ளித் தொங்குகிற ஒன்றரைக் கிலோவும் அதைத்தான் செய்கிறது. அது பின்னால் இழுக்கும், நாம் முன்னால் குனிவோம், மாலையில் கழுத்து வலிக்கும். உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொள்வோம். அதே முகட்டின் ஃபாலுட்டிலிருந்து கோர்க்கே கிராமத்துக்கு இறங்குகிற காட்டுப்பாதையில் இது இன்னும் நன்றாகத் தெரியும். சரிவில் மூங்கில் புதருக்கு நடுவே இடுப்பளவு அகலத்தில் தடம் போகும். உருளை ஒரு பக்கம் மூங்கிலில் சிக்கி நின்றுவிட, ஆள் மட்டும் கீழே போக முயல்வதை அங்கே பார்க்கலாம். தலைக்கு மேலே கட்டுகிற இன்னொரு கட்சி உண்டு. அவர்களால் அண்ணாந்து பார்க்க முடியாது, அவ்வளவு தூரம் போவதே அண்ணாந்து பார்க்கத்தான் என்றாலும்.

ஆகவே உள்ளே, அடியில். ஐம்பது லிட்டருக்கு மேற்பட்ட பைகள் பலவற்றில் அடிப்பாகத்துக்குத் தனி ஜிப் இருக்கும். அது இதற்காகவே இருக்கிறது. பகலில் நமக்குத் தேவைப்படாத ஒரே பெரிய சாமான் ஸ்லீப்பிங் பேக்தான், அது அடியில் கிடப்பதில் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அதன் மேல், முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே வரும்படி கனமானவை: அடுப்பு, சாப்பாடு, தண்ணீர். அதற்கு வெளிப்பக்கம் துணிகள். உச்சியில் மழைச் சட்டையும் கடலை மிட்டாயும். இடுப்பு வார் இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்துவிட்டால் பாரத்தின் பெரும்பகுதி கால்களுக்கு இறங்கிவிடும். தோள் வெறுமனே பையைச் சாயாமல் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

இதில் நான் பலரோடு முரண்படுகிற இடம் ஒன்று இருக்கிறது. பேக்கோடு கொடுக்கிற சுருக்குப்பையையும், நாலு வாரில் இழுத்து இறுக்குகிற உறையையும் நான் பயன்படுத்துவதில்லை. அப்படி இறுக்கினால் கிடைப்பது கல்மாதிரி ஒரு பந்து. அந்தப் பந்தைச் சுற்றி நாலு மூலையிலும் காலியிடம் விழும். அதில் எதைத் திணிப்பது என்று இன்னொரு கவலை. முதுகில் உறுத்தவும் செய்யும். திருப்பூரில் பனியன் பெட்டிகளுக்கு உள்ளே போடுகிற கனத்த பாலித்தீன் பை கிலோக் கணக்கில் கிடைக்கிறது. அதில் பெரியதாக ஒன்றை எடுத்து முதுகுப்பையின் அடியில் வாய் திறந்தபடி விரித்துவிடுவேன். ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பைத் திறந்துவிட்டு, கால்முனையைப் பிடித்து, கைக்குக் கிடைத்த இடத்தைக் கைப்பிடி கைப்பிடியாக அதற்குள் அமுக்க வேண்டும். மடிப்பதோ சுருட்டுவதோ கிடையாது. மடித்தால் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி மடிப்பு விழுந்து அங்கே உப்பல் செத்துவிடும். கால்முனையிலிருந்து தொடங்கினால் காற்று தலைப்பக்கமாக வெளியேறிக்கொண்டே வரும். தலைப்பக்கத்திலிருந்து தொடங்கியவர் காற்றோடு மல்லுக்கட்டுவார். கடைசியில் முழங்காலை வைத்து ஒரு அழுத்து, பாலித்தீன் வாயை முறுக்கிச் செருகினால் முடிந்தது. பையின் அடி மூலைவரை நிரம்பி மெத்தென்று உட்கார்ந்திருக்கும். மேலே வைக்கும் சாமான்களின் எடையே அதை இன்னும் அமுக்கிக்கொள்ளும்.

ஜீப்பில் போகும்போது இந்தப் பாலித்தீனின் அருமை தெரியும். பைகள் எல்லாம் கூரைக்குப் போய்விடும். டார்ஜிலிங் போகும் வழியில் குர்சியோங்கில் தூறல் பிடித்தால் ஓட்டுநர் தார்ப்பாயை இழுத்துப் போடுவார். போட்ட தார்ப்பாய் இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் விலகிவிடும்.

இது புதிய தொல்லையும் அல்ல. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் 1878இல் பிரான்சின் செவென் மலைப்பகுதியில் நடக்கக் கிளம்பியபோது தனக்கென்று ஒரு தூக்கப் பையைத் தைத்துக்கொண்டார். வெளியே பச்சை நிற வண்டித் துணி, உள்ளே நீல நிற ஆட்டு ரோமம், விரித்தால் ஏறக்குறைய ஆறடிச் சதுரம். கூடாரம் அடித்தால் ஊருக்கே தெரிந்துவிடும், இது தெரியாது என்பது அவர் கணக்கு. பகலில் சாமான்களையும் அதற்குள்ளேயே போட்டுக்கொள்ளலாம். தைத்து முடித்தபிறகுதான் அதை மனிதன் தோளில் தூக்க முடியாது என்று தெரிந்தது. அறுபத்தைந்து பிராங்கும் ஒரு கோப்பை பிராந்தியும் கொடுத்து ஒரு கழுதையை வாங்கினார். மொதெஸ்தீன் என்று பெயர். அந்தக் கழுதையும் மூட்டை சரிவதும் அந்தப் பயணத்தைப் பற்றிய அவரது நூலில் பாதிக் கதை. படுக்கையை முதலில் முடிவு செய்துவிட்டு, அதைச் சுமக்கும் ஆளை அதற்கேற்ப வாங்கினாரே, அந்த வரிசை சரிதான் என்பேன்.

படுக்கைக்குள் சாமானை வைக்கிற பழக்கம் நமக்கும் இருந்தது. என் பெரியப்பா ரயில்வேயில் இருந்தார். அவர் வீட்டு ஹோல்டாலில் மெத்தை, தலையணை, மாற்று வேட்டி, செருப்பு, ஊறுகாய் ஜாடி எல்லாம் சுருண்டு போகும். பெரிய பாதையில் சபரிமலைக்கு நடப்பவர்கள் தலையில் இருமுடியும் தோளில் போர்வையுமாக இன்றும் கரிமலை ஏறுகிறார்கள். அங்கே உயரத்துப் பிரச்சினை இல்லை, பனியும் இல்லை, போர்வை போதும். இமயத்தில் போதாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அடிவாரத்துச் சிலிகுரியில் முப்பது டிகிரியில் வியர்த்துக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் சந்தக்ஃபூவில் ஆறேழு டிகிரிதான் இருக்கும், அதுவும் பகலில்.

அதற்காக மைனஸ் இருபது என்று அட்டை தொங்குகிற பேக்கை வாங்கிவிடுகிறார்களே, அது அடுத்த கூத்து. நல்ல பேக்குகளில் மூன்று எண்கள் இருக்கும். 2002இல் வந்த ஈஎன் 13537 என்ற ஐரோப்பியத் தரநிலையும், 2016இல் அதற்குப் பதிலாக வந்த ஐஎஸ்ஓ 23537ம் வகுத்தவை அவை. சூடேற்றிய பொம்மையை உள்ளே படுக்கவைத்து அளக்கிறார்கள். முதல் எண், ஒரு சராசரிப் பெண் குளிராமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. இரண்டாவது, ஒரு சராசரி ஆண் சுருண்டு படுத்து எட்டு மணி நேரம் சமாளிக்கக்கூடியது. மூன்றாவது, ஆறு மணி நேரம் உயிர் தங்கும் என்பதற்கான எண். குளிரில் விரல்கள் உறைந்து கெடாது என்றுகூட அது சொல்லவில்லை. கடைப் பலகையில் பெரிதாக எழுதியிருப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவதாக இருக்கும். முதல் எண்ணை மட்டும் பாருங்கள், ஆணாக இருந்தாலும் சரி. முப்பது டிகிரியில் பிறந்து வளர்ந்த நமக்கு அந்தச் சராசரி ஆணின் வீரம் வேண்டாம். ஆனால் முதல் எண்ணே மைனஸ் பதினைந்து என்று ஒன்றை வாங்கினால் அது பையில் பாதியை அடைத்துக்கொள்ளும், ஏப்ரல் இரவில் ஜிப்பைத் திறந்துவைத்துத் தூங்க வேண்டிவரும்.

எல்லா இடத்துக்கும் தூக்கிப்போக வேண்டியதே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சந்தக்ஃபூ வழியில் விடுதிகள் ரஜாய் தருகின்றன. துவைத்து எத்தனை காலமானது என்று கேட்காதவர்களுக்குப் பருத்தி உள்ளுறை ஒன்று போதும். நேபாளத்துக்குப் போகிறவர்கள் காட்மாண்டுவின் தமேலில் வாடகைக்கு எடுக்கலாம். உத்தராகண்டில் ஏற்பாட்டாளர்களே பேக் தந்து, கோவேறு கழுதையில் அனுப்பிவிடுகிறார்கள். அதில் ஒரே கஷ்டம், நாம் நாலு மணிக்கு முகாமுக்கு வந்து நடுங்கிக்கொண்டிருக்கும்போது கழுதை ஏழு மணிக்கு வரும். எவரெஸ்ட் அடிவாரத்து நாம்சே பஜாருக்குச் சுமை கொண்டுபோகும் நேபாள ஆண் சுமையாளர்கள், சராசரியாகத் தங்கள் உடல் எடையில் 93 விழுக்காட்டைச் சுமப்பதாக 2005இல் சயன்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. கூடையைத் தாங்கும் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். அவர்கள் பக்கத்தில் நின்று இடுப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

நம் மாநிலத்தில் இந்தச் சாமானுக்கு வேலை குறைவு. 2018 குரங்கணி தீக்குப் பிறகு கட்டுப்பாடுகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு திறந்த நாற்பது மலையேற்றப் பாதைகளும் பெரும்பாலும் காலையில் ஏறி மாலைக்குள் இறங்கிவிடுபவை. எனவே ஸ்லீப்பிங் பேக் வருடத்தின் பெரும்பகுதி வீட்டில்தான் கிடக்கும். சுருக்குப்பைக்குள் இறுக்கிய வாக்கில் பரணில் எறிந்துவிட்டால் அடுத்த வருடம் உப்பாது. அலமாரியில் நீளமாகத் தொங்கவிடலாம், இல்லையென்றால் பெரிய பருத்தி உறையில் தளரப் போட்டு வைக்கலாம். பாச்சை உருண்டை போடாதீர்கள். அந்த வாசனையோடு மலையில் ஒரு இரவு முகம் மூடிப் படுத்துப் பார்த்தால் காரணம் புரியும்.

துவைப்பது அடிக்கடி தேவையில்லை, தேவைப்படும்போது சலவைக்கடையில் கொடுக்க வேண்டாம். உலர்சலவை ரசாயனம் தூவியின் இயற்கையான எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும். பெரிய பிளாஸ்டிக் டப்பில் மிதமான சோப்பு போட்டு அமுக்கி அமுக்கி அலசி, தூக்கும்போது ஒரு முனையைப் பிடித்து இழுக்காமல், இரண்டு கையாலும் அடியிலிருந்து குழந்தையை ஏந்துவதுபோல எடுக்க வேண்டும். ஈர எடையில் உள் தடுப்புகள் கிழிந்துவிடும். மொட்டை மாடியில் நிழலாக ஓர் இடத்தில் பரப்பி, மணிக்கொரு தரம் போய்க் கட்டிகளை விரலால் உதிர்த்துவிட வேண்டும். சித்திரை வெயில் காலத்தில் மூன்று நாளில் காய்ந்துவிடும். ஐப்பசியில் ஆரம்பித்தவர்கள் தீபாவளிக்கு வரும் விருந்தாளிகளிடம் இது என்ன என்று விளக்க வேண்டியிருக்கும்.